கிளிஞ்சல் கோமதிநாயகம்

செய்தி வந்தபோது நான் இலஞ்சியில் என் வீட்டுக் கூரை ஒழுகும் இடத்துக்கு அண்டாவை நகர்த்திக்கொண்டிருந்தேன். சாரல் பிடித்தால் எங்கள் பக்கம் விடாது. தென்காசியிலிருந்து சைக்கிளில் வந்தவன் குடையை மடக்காமலே வாசலில் நின்று, "கூட்ஸ் கிளார்க் அண்ணாச்சி தவறிட்டாக" என்றான். எந்தக் கூட்ஸ் கிளார்க் என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒரே ஒரு கூட்ஸ் கிளார்க்தான். அழுகை வரவில்லை, உட்கார வேண்டும் போலிருந்தது. இந்த ஒரு வருஷத்தில் எத்தனை சாவு வீட்டுக்குத்தான் ஒருவன் போய்ப் போய் வந்து குளிப்பது? அண்டா பாதி நிறையும் மட்டும் உட்கார்ந்திருந்துவிட்டு, வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

தென்காசி ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்களுக்கும், அங்கே சரக்கு எடுக்க வந்த வியாபாரிகளுக்கும் கோமதிநாயகம் அண்ணாச்சியைத் தெரியும். ஊரில் அவருக்குக் 'கிளிஞ்சல் கோமதிநாயகம்' என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான்; பிறகு அதுவே முகவரியாகிவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிப்பார். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே எவ்வளவு பொட்டல் கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அருவியில் குளிக்க ஆள் வரும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் கடல் சிப்பி சேர்த்தார் என்றால் கிண்டல் செய்யாமல் என்ன செய்வார்கள்? நானும் செய்திருக்கிறேன். பார்சல் ஆபீசில் அவர் மேஜைக்கு அடுத்த மேஜை என்னுடையது. எனக்கு அந்த உரிமை உண்டு.

அது தொடங்கியது ஒரு கிழிந்த சாக்கில். சுண்ணாம்பு சுடும் காளவாசலுக்குத் தூத்துக்குடிப் பக்கமிருந்து கிளிஞ்சல் மூட்டைகள் வேகனில் வரும். ஒரு நாள் இறக்கும்போது ஒரு சாக்கு வாய் பிளந்து, கிளிஞ்சல் தரையெல்லாம் சரிந்தது. அண்ணாச்சி அதை ஓரமாக ஒதுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர், வெள்ளைக் குவியலுக்குள்ளிருந்து எதையோ குனிந்து எடுத்தார். கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். பழுப்பு நிறத்தில் கோடு கோடாக, யாரோ மெல்லிய தூரிகையால் சுற்றிச் சுற்றி வரைந்தது போலிருந்தது. காளவாசல்காரரிடம், "இதை நான் வச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டார். பொன் நகையைக் கேட்பது போலக் கேட்டதால் அவர் திகைத்து, மூட்டையோடு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்று முழுவதும் அண்ணாச்சி சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலைவலி என்று நினைத்துக்கொண்டேன்; தலைவலிக்கும் பைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதன் பிறகு கிளிஞ்சல் வேகன் வந்தால் மத்தியானச் சாப்பாடு கிடையாது. குவியலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிளறுவார். தூசி என் மேஜைக்கு வரும். திட்டுவேன். அவர் காதில் விழாது. எப்படிக் கழுவுவது, எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுக்க எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? கெடுத்துக் கெடுத்துத்தான் படித்தார். வெயிலில் காய வைத்தவை நிறம் வெளுத்துப் போயின, அதிலிருந்து நிழல்தான். புளித்தண்ணீரில் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று எவனோ சொல்லப் போட்டார். பித்தளைக்கு ஆவது சிப்பிக்கு ஆகுமா? மேல் தோலை அரித்துவிட்டது. கடைசியில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்து, காய்ந்ததும் ஒரு பொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுவது என்று நிலைத்தது. சிகரெட் டின்னில் பஞ்சு விரித்து வைப்பார். எந்தக் கரையில் கிடைத்தது, எந்த மாதம் என்று பார்சல் சீட்டின் பின்பக்கத்தைக் கிழித்து எழுதி உள்ளே போடுவார். "உடைஞ்சதுல ஒண்ணு எடுத்து வையும், வே. உள்ள எப்படி முறுக்கிக்கிட்டுப் போகுதுன்னு உடைஞ்சதுலதான் தெரியும்" என்பார். புதிதாக ஆரம்பிக்கிறவன் அழகானதை மட்டும் தேடுவான், அதனால்தான் சீக்கிரம் சலித்துப்போகிறான் என்பது அவர் கட்சி.

காளவாசல் சாக்கு அலுத்த பிறகு கடலுக்கே போக வேண்டும் என்று ஆசை வந்தது. ரயில்வேயில் கிடைக்கும் பாஸை மற்றவர்கள் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வைத்திருப்பார்கள். அண்ணாச்சி திருச்செந்தூருக்குக் கிளம்பினார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. முருகனைக் கும்பிட்டது ஒரு நொடி. மீதி நேரம் மணலில். அலை கடைசியாக வந்து திரும்பிய இடத்தில் பாசியும் குச்சியும் ஒரு கோடாகக் கிடக்கும் அல்லவா, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். நான் நிமிர்ந்து அலையைப் பார்த்தால் கோபித்துக்கொள்வார். "கடலைப் பார்க்க வந்தவன் கடலைப் பார்க்கட்டும். நாம குனிய வந்தவங்க" என்றார். என் இடுப்பு அன்றைக்குப் பிடித்துக்கொண்டதுதான். இன்னும் முழுதாக விடவில்லை.

அந்த முதல் பயணத்தில்தான் நாங்கள் அந்தப் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தோம். பாறை இடுக்கில் ஈரத்தோடு ஒட்டிக்கிடந்த சங்குகள், மணலில் கிடந்தவற்றைவிட நிறமாக, கண்ணைப் பறித்தன. இரண்டு பேரும் போட்டி போட்டு அள்ளினோம். எங்கள் இரண்டு வீடும் சைவ வீடு. சங்கு என்றால் எங்களுக்குப் பூஜையறைப் பொருள். அதற்குள் சதை இருக்கும், செத்தால் நாறும் என்று இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மீன் வாங்கிப் பழகிய வீட்டுப் பிள்ளை ஒருவன் கூட இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான். அண்ணாச்சி அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், பின்கட்டில் ஒரு தவலையில் தண்ணீர் ஊற்றிப் போட்டு மூடிவைத்துவிட்டார்.

இந்த இடத்தில் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சியின் மனைவி பகவதியம்மாளை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் விளக்கேற்றியதும் வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். ஒரு இலையை எடுத்துத் துடைத்து, காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு தடவி மடிப்பதற்குள் தெருவில் நடந்த ஒரு சங்கதி முடிந்திருக்கும். அடுத்த இலைக்கு அடுத்த சங்கதி. வாய் நிறையச் சிவப்போடு, யாரையும் புண்படுத்தாமல், எல்லோரையும் கேலி செய்வார். அண்ணாச்சி ஆபீசில் அதிகம் பேசாதவர். வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே ஆறு மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தவலையை மூடிவைத்து நாலைந்து நாள் ஆயிற்று. வீட்டில் நாற்றம் வந்தது. எலி செத்துக் கிடக்கிறது என்று மதினி ஓடு பிரிக்க ஆள் வைத்தார். பின்கட்டு ஓடு முழுவதையும் பிரித்து அடுக்கியாயிற்று, எலியைக் காணோம். அண்ணாச்சியும் சேர்ந்துதான் எலி தேடினார். கடைசியில் ஓட்டுக்காரர் இறங்கி வந்து கைகால் கழுவத் தண்ணீர் தேடித் தவலையைத் திறந்தார். நான் போனபோது மதினி தெருவில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஓடு இல்லாத கூரைக்குக் கீழே அண்ணாச்சி தவலையோடு நின்றார். நாங்கள் இரண்டு பேரும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அதைச் சிற்றாற்றங்கரைக்குத் தூக்கிப் போய் மணலில் புதைத்தோம். புதைத்தால் எறும்பு சதையைத் தின்று சங்கைச் சுத்தம் செய்யும் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று அதை அடக்கம் செய்வதாகத்தான் நினைத்தோம். திரும்பும்போது அவர், "உயிரோட உள்ளது இனி ஒண்ணும் வேண்டாம், வே. காலி வீடுதான் நமக்கு" என்றார். அதைச் சாகும்வரை மீறவில்லை.

ஆனால் மதினி சமாதானமாகவில்லை. வீட்டைக் கழுவிவிட்டு, டின்களையும் வெளியே எடுத்து வைத்தார். "இதெல்லாம் எலும்பு. எலும்பு இருக்கிற வீட்டுல நான் உலை வைக்க மாட்டேன்" என்றார். அண்ணாச்சிக்குக் கோபம் வருவது அபூர்வம். அன்று வந்தது. டின்களைத் தொட்டதில் வந்தது.

"அப்ப உன் வெத்தலையில தடவுதது என்ன? நான் இறக்குத வேகன்ல வர்ற கிளிஞ்சலைச் சுட்டதுதான். இந்த எலும்பைத்தான் தினமும் நாக்குல வச்சு ருசி பாக்குத."

மதினி கையில் மடித்த வெற்றிலை இருந்தது. அதைப் பார்த்தார். தட்டில் வைத்தார். உள்ளே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். அவ்வளவுதான். கிளிஞ்சல்தான் சுண்ணாம்பு ஆகிறது என்று அவருக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் தெரிந்ததை யாரும் எடுத்து அவர் வாய்க்கு நேரே நீட்டியதில்லை.

அன்றோடு மதினி வெற்றிலையை விட்டார். இரண்டு நாள் பிடிவாதம் என்று நினைத்தோம். ஒரு மாதமாயிற்று, ஒரு வருஷமாயிற்று. அண்ணாச்சி டின்களைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜைக்கு அடியில் அடுக்கினார். வீட்டில் ஒரு சிப்பிகூடக் கிடையாது, இனி போடலாமே என்றார். மதினி வேண்டாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் அண்ணாச்சியை வாட்டியது. கோபம் என்றால் தணியும். கையில் இலை இல்லாததால் சாயங்காலம் உட்காருவதும் நின்றது. உட்காருவது நின்றதால் பேச்சும் நின்றது. அண்ணாச்சி ஆறு மணிக்குப் பிறகும் ஆபீசிலேயே இருக்கத் தொடங்கினார். "வீட்டுல அரவமே இல்ல, வே" என்று ஒரு நாள் சொன்னார்.

சிப்பியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். விட்டால் மட்டும் அவள் போடுவாளா என்றார். அதுவும் சரிதான். சொன்ன சொல்லை எங்கே போய்ப் பொறுக்கி எடுப்பது? கல்லைச் சுட்டு எடுக்கும் சுண்ணாம்பு ஒன்று உண்டு, கட்டட வேலைக்கு ஆவது. அதை எங்கிருந்தோ தேடி வாங்கி, நீற்றி, துணியில் வடிகட்டி, புதுச் செப்பில் போட்டுக் கொண்டுபோய் வைத்தார். அவருக்காக மதினி ஒரு தடவை வாயில் போட்டார். உள்நாக்குவரை பொத்துப் போயிற்று. நாலு நாள் மோரும் சோறும்தான். நான் பார்க்கப் போனபோது மதினி நாக்கு புரளாமல், "நல்லதுக்குத்தான் செஞ்சாக" என்றார். அண்ணாச்சி முற்றத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷங்களில் அவருக்கு ஏதாவது சந்தோஷமாகக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. குற்றாலத்தில் சீசன் கடை போட்டிருந்தார்கள். பேரருவியில் குளித்துவிட்டு வரும்போது வளையல் கடைக்குப் பக்கத்தில் ஐவிரல் சங்கு ஒன்று, விரல் விரித்த கை மாதிரி, உடையாமல் இருந்தது. வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் மேஜைமேல் வைத்தார். "நல்லா இருக்கு. ஆனா இது உம்ம சங்கு. இது எந்தக் கரையில கிடந்ததுன்னு நான் சீட்டுல என்ன எழுத?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவர் ஒரு காலி டின்னில் பஞ்சு விரித்து என் பக்கம் நகர்த்தினார். அப்படித்தான் நானும் சிப்பி சேர்க்கிறவன் ஆனேன். விருப்பப்பட்டு இல்லை, டின் வந்துவிட்டது, காலியாக வைத்திருக்க முடியவில்லை.

அந்த வீட்டில் மறுபடி அரவம் கேட்க வைத்தது ஒரு நண்டு. திருச்செந்தூரிலிருந்து வந்த அன்று டின்னில் போட மறந்து ஒரு சிறிய சங்கு அண்ணாச்சியின் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. காலி என்று நினைத்து எடுத்ததுதான். ஆனால் செத்த சங்குக்குள் நண்டு ஒன்று குடியேறி இருந்திருக்கிறது. சிலவற்றில் அப்படி இருக்கும். கொடியில் கிடந்த சட்டையிலிருந்து விழுந்து, காலை வெளியே நீட்டி, அடுப்பங்கரையில் மதினிக்கு முன்னால் நடந்து போயிருக்கிறது. மதினி கூச்சலிடவில்லை. அதன் பின்னாலேயே அரிசிப் பானைவரை போய்ப் பார்த்திருக்கிறார். நான் அன்று ஏதோ வேலையாகப் போனபோது, ஒரு செம்பில் உப்பைக் கரைத்து அதற்குள் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கல்லுப்பு போட்டாயிற்று, கடல் தண்ணீர் மாதிரி ஆகிவிடும் அல்லவா என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? ஆகும் என்றேன். அண்ணாச்சி வந்ததும் மதினி நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்குள்ள ஆள் இருக்கு. எங்கன இருந்து கொண்டாந்தியளோ அங்கன கொண்டு விட்டுட்டு வாங்க. நானும் வாரேன். நீங்க வழியில எங்கயாவது போட்டுட்டு வந்துருவிய."

மறுநாள் காலை வண்டியில் மூன்று பேரும் கிளம்பினோம். மதினி மடியில் செம்பு. பாவூர்சத்திரம் தாண்டுவதற்குள், "இருக்கா பாருங்க" என்று அண்ணாச்சியைப் பலமுறை பார்க்க வைத்தார். எதிரே இருந்த அம்மாள் செம்பில் என்ன தீர்த்தமா என்று கேட்டாள். மதினி அவளுக்கு விவரம் சொல்ல ஆரம்பித்தார். தவலையிலிருந்து ஆரம்பித்து, ஓடு பிரித்தது, எலி தேடியது, நாங்கள் மூக்கைக் கட்டிக்கொண்டு போனது எல்லாம் சொன்னார். பெட்டி முழுக்கச் சிரித்தது. இத்தனை வருஷமாக அடைத்து வைத்திருந்த பேச்சு. அண்ணாச்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணில் கரி விழுந்துவிட்டது என்றார். கரி விழுந்தால் ஒரு கண்ணில்தான் விழும்.

நண்டு பிழைத்தது. ஈர மணலில் விட்டதும் கொஞ்ச நேரம் சும்மா கிடந்துவிட்டு, நடந்து போயிற்று. மதினி அது கண்ணுக்கு மறையும்வரை நின்றார். அதற்குப் பிறகு டின்கள் வீட்டுக்குத் திரும்பின, ஒரு நிபந்தனையோடு. அண்ணாச்சி கடலுக்குப் போய்விட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து, "ஆள் இருக்கா?" என்று குரல் வரும். இல்லை என்று காட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சாயங்காலப் பேச்சும் திரும்பிவிட்டது. இனி வெற்றிலையும் போடலாமே மதினி என்று நான் வாயை விட்டேன். "அது நடந்து போறதைப் பாத்தாச்சே தம்பி. இனி எப்படிப் போடுவேன்?" என்றார். பேச்சைக் கொடுத்த நண்டே வெற்றிலையை முழுதாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. அண்ணாச்சி அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு யுத்தம் வந்தது. ஸ்டேஷனில் எங்களுக்கு இரவும் பகலும் ஒன்றாயிற்று. கடலுக்குப் போவது குறைந்தது. அவர் ஓய்வு பெற்றார். பின்னால் நானும் பெற்றேன். அரிசி ரேஷன், மண்ணெண்ணெய் ரேஷன், எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்று நின்று கால் ஓய்ந்துபோன வருஷங்கள். அவற்றைப் பற்றி எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. உங்களுக்கும் தெரியாதது இல்லை.

இந்த வருஷம் அவருக்குக் கால் வீங்கத் தொடங்கியது. மூச்சும் வாங்கியது. டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதை அவர் தானாகவே தெரிந்துவைத்திருந்தார். மதினி கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மதினிக்கு வெற்றிலை கொடுக்க வேண்டும் என்றார். இத்தனை காலம் கழித்தா என்றேன்.

"நான் போயிட்டா அவ முன்னால வெத்தலைத் தட்டை யாரும் நீட்ட மாட்டாங்க, வே. அவளும் தொட மாட்டா. அதுக்கு முன்னால ஒரு தடவை அவ வாய் சிவக்கணும். நான் பறிச்சதை நான் குடுத்துட்டுப் போகணும்."

அவர் யோசித்து வைத்திருந்த வழி இது: யுத்தத்தில் வேகன் கிடைக்காமல் கிளிஞ்சல் வருவது நின்றுவிட்டது, தென்காசிக் காளவாசலில் இப்போது கல்தான் சுடுகிறார்கள், புது மாதிரியாகப் பக்குவம் செய்வதால் நாக்கில் காரம் இல்லை என்று நான் போய் மதினியிடம் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் மதினி நம்பமாட்டார். நான் சொன்னால் நம்புவார். சரி, கல் சுண்ணாம்பையே வாங்கிவிடுகிறேன், பொய் வேண்டாமே என்றேன். கையை ஆட்டினார். அது அவள் நாக்கைப் பொத்துப் போடும், கடையில் விற்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பையே வாங்கி வாரும், கல் என்று சொல்லும் என்றார். இரண்டு பேருமே ஆயுள் முழுவதும் சரக்கு இறக்கி ஏற்றியவர்கள். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் வாங்கிக்கொண்டு போனேன். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். வேகன், காளவாசல், கல், பக்குவம். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. மதினி என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். அண்ணாச்சி மேல்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி மறுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கல்லுதான்னா சரி. நீங்களே தடவிக் குடுங்க" என்று அண்ணாச்சியிடம் இலையை நீட்டினார்.

அவர் படுத்தபடியே தடவினார். இலையெல்லாம் சுண்ணாம்பு ஈஷிக்கொண்டது. மதினி பொறுமையாக அதை மடித்து வாயில் போட்டு, சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார். மென்றார். கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து வீட்டு மருமகள் ரேஷன் கடைக்காரனோடு சண்டை போட்ட கதையைத் தொடங்கினார். அந்த மருமகள் கையை ஆட்டுவது போலவே ஆட்டிக் காட்டினார். அண்ணாச்சி அவர் வாயையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இல்லை. சாரல் நாளில் சைக்கிள்காரன் வந்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் மதினியைப் பார்க்கப் போயிருந்தேன். டின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போது மதினிக்குக் கண்ணில் புரை. கையால் தடவியே எது எந்த டின் என்று சொல்கிறார். அவற்றைத் தாமே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். எனக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அண்ணாச்சியைப் பற்றி எழுதலாமா என்று நான் கேட்டதற்கு, எழுதுங்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள், இனி யார் கேட்கப் போகிறார்கள் என்றார். பிறகு, துடைப்பதை நிறுத்தாமலே கேட்டார்.

"அன்னைக்கு நீங்க வாங்கியாந்தது கிளிஞ்சச் சுண்ணாம்புதானே தம்பி?"

நான் டின் ஒன்றை எடுத்துத் திறந்து மூடினேன்.

"ரெண்டையும் போட்டுப் பாத்த நாக்கு. அதுக்குத் தெரியாதா? வாயில வச்சதுமே தெரிஞ்சிட்டு. அந்த நண்டு நடந்து போனதுகூட ஞாபகம் வந்துது. துப்பியிருந்தா அவுக முகம் என்ன ஆகியிருக்கும்? முழுங்கிட்டேன்." அடுத்த டின்னை எடுத்துக்கொண்டு, "நான் நம்பிட்டேன்னு நினைச்சுட்டுத்தானே போனாக?" என்றார்.

"ஆமா மதினி" என்றேன்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது நான் சொன்ன அந்த 'ஆமா' ஒன்றுதான். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. மதினி வெற்றிலை போட்டதற்கு மறுநாள் காலை நான் போனபோது அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகத்தான் போட்டா, வே" என்றார். மதினி நம்பவில்லை என்று தெரிந்து சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இனிக் கேட்க ஆள் இல்லை. அவரை அறிந்த உங்களில் யாராவது இதை மதினிக்கு வாசித்துக் காட்டுவதானால், இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.